பதினோரு மணிக் காற்று

காற்றைச் சோதிக்கப் போகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: வேலையை முடித்துக் கையைத் துடைக்கும்போது, "இதோ பாருங்க" என்று எடுத்துக் காட்ட அவனிடம் ஒன்றும் இருக்காது.

டிவி ரிப்பேர்காரர் படத்தைக் காட்டுவார். பம்புசெட் மெக்கானிக் தண்ணீரைக் காட்டுவார். நான் என்னத்தைக் காட்டுவது? எட்டாவதை முழுசாக முடிக்காமல் எழுபதுகளில் சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவன். லேப் சாமான் மாட்டுவது, கழற்றுவது, சரி பார்ப்பது எங்கள் வேலை. லேபில் ஆசிட் கொதிக்க வைக்கும்போது வரும் புகை ஆளின் மூக்கில் ஏறாமல் இருக்க ஒரு பெரிய பெட்டி வைத்திருப்பார்கள். முன்னால் ஏறி இறங்கும் கண்ணாடிக் கதவு, உச்சியில் ஒரு குழாய், குழாயின் அந்த முனையில் கூரை மேல் ஃபேன். ஃபேன் இழுக்க, அறைக் காற்று பெட்டிக்குள் போக, புகை கூரைக்கு மேலே போய்ச் சேர வேண்டும். ஃப்யூம் கப்போர்டு என்று பேர். எங்களுக்குப் புகைப்பெட்டி. இழுப்பு போதுமா என்று காட்டும் மீட்டரைச் சோதித்து, முள்ளை அதன் இடத்தில் நிறுத்தி, "சரி" என்று சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டே என் பிழைப்பு ஓடியது.

கண்ணுக்குத் தெரியாத சரக்கை வைத்துப் பிழைக்கும் என் சக பாவிகளே, கரண்ட்டுக்காரர்களே, கேஸ் அடுப்புக்காரர்களே, ஆண்டெனா திருப்புகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் தலையாட்டுவீர்கள்.

லேபுக்குள் ஊதுபத்தி

ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம், எஸ்டேட்காரர்கள் நாலைந்து பேர் கூடி ஒரு லேப் நடத்தினார்கள். காப்பித் தோட்டத்து மண்ணையும் இலையையும் ஆசிட்டில் கொதிக்க வைத்து, எந்த உரம் குறைகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். அங்கிருந்த புகைப்பெட்டி எங்கள் கம்பெனி மாட்டியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் போக வேண்டும். சேலத்தில் காலை பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி ஏற்காட்டில் இறங்கி, நாகலூர் பஸ்ஸுக்கு நின்று போய்ச் சேர்ந்தால் லேப் வாசலில் மணி பதினொன்று. திரும்புவதற்கு நாலு மணி பஸ். இந்த இரண்டு நேரத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனபோது கண்ணாடிக் கதவை ஒரு முழம் தூக்கி வைத்து, மூன்று ஊதுபத்தி கொளுத்தினேன். புகை உள்ளே ஓடுகிறதா, தயங்குகிறதா, வெளியே திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. லேபின் கணக்கு வழக்கைப் பார்க்கும் ரைட்டர் மாணிக்கம் வாசனை பிடித்துக்கொண்டு வந்தார். செருப்பை வெளியே விட்டார். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "இன்னிக்கு என்ன விசேஷமுங்க?" என்றார்.

பக்கத்தில் துணியும் கையுமாக ஓர் அம்மா நின்றார். வெள்ளச்சி என்று பேர். செம்மநத்தத்துக்காரர், நாகலூரில் தங்கி லேபில் உதவியாள் வேலை செய்தார். தினக்கூலிதான், நிரந்தரம் இல்லை. குடுவை கழுவுவது, ஆசிட் ஊற்றிக் கொதிக்க வைப்பது எல்லாம் அவர்தான். கொஞ்ச நேரம் புகையையே பார்த்தவர், "மேல நல்லாப் போகுதுங்க. கீழ, இடது மூலையில மட்டும் வழி தெரியாம நிக்குதுங்க" என்றார். நான் அப்புறம் என் முறைப்படி வாசலை மேலே மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று என ஒன்பது இடமாகப் பிரித்து, கைக்காத்தாடி மீட்டரைப் பிடித்து எண்ணைக் குறித்தேன். ஒன்பதில் குறைச்சலான எண் இடது கீழ் மூலை. அந்த அம்மா கண்ணால் சொன்னதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரமும் ஒரு கூட்டல் வகுத்தலும் தேவைப்பட்டது. ரைட்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இத்தனை வருசமா சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தறனுங்க, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்லீங்க!"

சொட்டர் காய்ந்த இடம்

ஏற்காட்டு மழை மாதங்களில் துவைத்த துணி காய்வது லேசுப்பட்ட காரியமில்லை. கொடியில் போட்டால் நாலாம் நாள் எடுக்கும்போது போட்டதைவிட ஈரமாக இருக்கும். அப்படி ஒரு மழையில், மீட்டர் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது, உடனே வா என்று கம்பெனிக்கு ஃபோன். ஓடினேன். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. குழாயில் ஓட்டை இல்லை. ஒன்பது இடமும் பார்த்தேன், நடு வரிசை முழுக்க நோஞ்சான். ஒன்றும் புரியவில்லை.

வெள்ளச்சி அம்மா சொல்லலாமா வேண்டாமா என்று நின்றார். பிறகு பெட்டியின் உள்ளே, பின்பக்கப் பலகையை மட்டும் கண்ணால் காட்டினார். அந்தப் பலகையின் நடுச் சந்து வழியாகத்தான் காற்று மேலே போக வேண்டும். அங்கே ஆணி அடித்து, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கம்பளிச் சொட்டர், ஒரு குரங்குக் குல்லா, இரண்டு காலுறை. காற்று நெருக்கியடித்துக்கொண்டு போகும் இடம் அதுதான் என்று எனக்கே வருஷக்கணக்கில் வேலை பார்த்துத்தான் தெரியும். சொட்டர்க்காரர் ஒரே நாளில் கண்டுபிடித்திருந்தார். ஆசிட் புகையில் துணி பொத்தலாகிவிடும் என்று நான் சத்தம் போட, ரைட்டர் மாணிக்கம் சொட்டரை உதறி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு பொத்தலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, என்னிடமே நியாயம் கேட்டார்:

"அத்தனை காத்தையும் சும்மா கூரைக்கு மேல வுடறீங்க, போற வழியில என் சொட்டரைத் தொட்டுட்டுப் போனா என்னுங்க கொறைஞ்சு போச்சு?"

சூட்டு முத்து

எண்பதுகள் முடியப் போகும் சமயம், எங்கள் முதலாளி புது மாதிரி மீட்டர் இறக்கினார். கடுகு அளவு ஒரு முத்து. கரண்ட் அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். காற்றுப் பட்டால் முத்து ஆறும். எவ்வளவு ஆறுகிறதோ அவ்வளவு காற்று என்று முள் காட்டும். காப்பியை ஊதி ஆற்றுகிறோமே, அதே கணக்கு. பெட்டியின் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் முத்து. முள் பச்சையில் நின்றால் இழுப்பு சரி. சிவப்புக்கு வந்தால் அலாரம் கத்தும்.

சேலத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில் வியர்த்துக்கொண்டே அந்த மீட்டரை நான்தான் செட் பண்ணினேன். மலைக்குக் கொண்டுபோய் மாட்டி, பதினோரு மணிக்கு மேல் ஒன்பது இடமும் அளந்து ஒத்துப் பார்த்தேன். கனகச்சிதம். கெமிஸ்ட் பரமசிவம் சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஏற்காடு டவுனில் குடியிருந்து, காலை ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டரில் வரும் மனிதர். படித்தவர், கறாரானவர், எந்த எண்ணையும் இரண்டு தடவை பார்க்காமல் எழுத மாட்டார். முள்ளையும் இரண்டு தடவை பார்த்தார். நான் சேலம் திரும்பி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் என் தோளில் தட்டினார்:

"இனிமே குனிஞ்சு நிமிர்ந்து ஒன்பது இடம் அளக்க வேண்டாம்பா, முள்ளு பச்சையில நிக்குதா பாரு, சீட்டை ஒட்டு, நாலு மணி பஸ்ஸைப் புடி."

திறந்திருந்த ஜன்னல்

அந்த வருஷம் கார்த்திகையில் லேபிலிருந்து ஒரு கடிதம். மீட்டரைச் சோதித்து எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கெமிஸ்ட் சார் கேட்டிருந்தார். போனேன். விஷயம் என்னவென்றால், சார் ஒன்பதரைக்கு வரும்போது லேப் ஜன்னல் அகலத் திறந்து கிடக்கிறது. பனி உள்ளே வந்து, காய வைத்த மண் சாம்பிளெல்லாம் ஈரம். ஏன் திறந்தாய் என்று கேட்டால், "பொட்டி இழுக்க மாட்டேங்குதுங்க, புகை மூஞ்சிக்கு வருதுங்க" என்கிறார் வெள்ளச்சி. முள்ளைப் பார்த்தால் பச்சை. இரண்டு தடவை பார்த்தாலும் பச்சை.

நான் வழக்கம்போல பதினோரு மணிக்குப் போய், முதலாளி சொன்னதையும் மீறி ஒன்பது இடமும் அளந்தேன். இழுப்பு பிரமாதம். ஊதுபத்திப் புகை கோடு கிழித்த மாதிரி உள்ளே போனது. "சரி" என்று சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து இருமினார். வாசல் வரைக்கும் வந்தவரிடம், "பெட்டி நல்லாத்தானே இருக்குதுங்கம்மா?" என்றேன். கோபமே இல்லாமல், பிள்ளையைப் பற்றி வாத்தியாரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"நீங்க வந்தா ஒழுங்காத்தான் மூச்சு வுடுதுங்க மீட்டர்காரரே, நீங்க பஸ் ஏறுன பொறவுதான் அதுக்கு மறந்து போயிருது."

என் கையெழுத்து

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மார்கழியில் இன்னொரு கடிதம். மறுபடியும் பதினோரு மணி, மறுபடியும் எல்லாம் சரி, மறுபடியும் கையெழுத்து. இந்தத் தடவை பரமசிவம் சார் மேஜையில் இருந்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். எஸ்டேட்காரர்கள் கமிட்டிக்கு அவர் எழுதியது. "உதவியாள் வெள்ளச்சி ஆசிட் வேலையைத் தவிர்ப்பதற்காகத் தொடர்ந்து பொய்ப் புகார் சொல்கிறார். மீட்டர் கம்பெனியார் இரண்டு முறை சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து நிறுத்தலாம்." கீழே சாட்சிக்கு என் இரண்டு சீட்டின் நகல். திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. அன்றைக்குச் சனிக்கிழமை.

என் கையெழுத்து அழகாக இருக்கும். எட்டாவது வரைக்கும் படித்ததில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். அதை அந்தத் தாளில் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தேன். குழாயடியில் வெள்ளச்சி அம்மா குடுவை கழுவிக்கொண்டிருந்தார். இருமல் போன தடவையைவிட அதிகம். விரல் நுனிகளில் மஞ்சள் கறை. "உங்களுக்கு விஷயம் தெரியுமுங்களா?" என்றேன். தெரியும் என்றார். எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போனால் கூலி கிடைக்கும், அதற்கு ஒன்றும் பயமில்லை என்றார். "நாங்க மலைக்காரங்க, செடிக்கு நடுவுல பொறந்தவங்க" என்று சிரித்தார். கடைசிக் குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிரிப்பு போன முகத்தோடு சொன்னார்:

"பறிப்பு வேலைக்குப் போக வெக்கமில்லீங்க, பொய் சொன்னவன்னு பேரு வாங்கிட்டுப் போகத்தான் மனசு வரமாட்டேங்குதுங்க."

ரைட்டர் ஊட்டு விறகு

"எத்தனை மணிக்குங்க அடுப்பு ஏத்துவீங்க?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. "ஏழரைக்குங்க. கொதிச்சு அடங்க ரெண்டு மணி நேரம் ஆவுமுங்க" என்றார். சார் வருவது ஒன்பதரை. நான் வருவது பதினொன்று. ஏழரைக்கு அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்த கண் இந்த உலகத்திலேயே ஒரு ஜோடிதான். அதைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பொய் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

"பனி மூட்டம் ஜன்னல் சந்து வழியா உள்ள வருமுல்லீங்க? முன்னெல்லாம் அது நடந்து வந்து பொட்டிக்குள்ள போவுமுங்க. ஐப்பசி மழைக்குப் பொறவு பொட்டிக்கு முன்னால வந்து நின்னுக்குது. உள்ள போக மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. ஐப்பசி மழையில் அப்படி என்ன நடந்தது? எனக்குப் பிடிபடவில்லை. நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் கொதிக்க வைக்கச் சாம்பிள் இருந்தது. காலை ஏழரைக்கு லேபுக்கு வர வேண்டும் என்று கெமிஸ்ட் சாரைக் கெஞ்சிக் கேட்டேன். "நீங்களே ரெண்டு தடவ சரின்னு எழுதினீங்களே?" என்றார். "அதனாலதான் சார் கூப்பிடறேன்" என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

படுக்க இடம் கொடுத்தவர் ரைட்டர் மாணிக்கம். சாயங்காலம் அவர் வீட்டுப் பின்பக்கம் கைகால் கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். விறகுக் கட்டுக்கு மேலே ஒரு தகரம். அதில் சிவப்பு பெயின்ட்டில் "லேப் ஃபேன்" என்று எழுதியிருந்தது. எழுத்து அழகாக இருந்தது, ஏனென்றால் எழுதியவன் நான். கூரை மேல் ஃபேனுக்கும் அதன் பெல்ட்டுக்கும் பனியும் மழையும் படாமல் நாங்கள் மாட்டிய மூடி அது. "இது எப்பங்க இங்க வந்துச்சு?" என்றேன். ரைட்டர் ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை, உள்ளதைச் சொன்னார்:

"ஐப்பசி மழையில வெறகு நனைஞ்சு போச்சுங்க, அங்க இருந்தது வெறும் இரும்புதான, அதுக்கு என்னுங்க சளியா புடிக்கப் போவுது?"

ஏழரை மணி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு நானும் வெள்ளச்சி அம்மாவும் லேபில் இருந்தோம். பத்தடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது. முள் பச்சையில். வெள்ளச்சி அம்மா ஜன்னலைத் திறந்தார். மூட்டம் மெதுவாக உள்ளே வந்து, அவர் சொன்ன மாதிரியே பெட்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே கூப்பிட ஆள் இல்லாத விருந்தாளி மாதிரி. ஊதுபத்தி கொளுத்தினேன். புகை என் மூக்குக்கு வந்தது. காத்தாடி மீட்டரைப் பிடித்தேன். நிமிஷத்துக்கு நூறு அடி ஓட வேண்டிய காற்று முப்பதைத் தாண்டவில்லை. முள் மட்டும் பச்சையிலேயே சிரித்துக்கொண்டு நின்றது.

ஏணி போட்டுக் கூரை மேல் ஏறினேன். பெல்ட் பனியில் ஊறிக் கிடந்தது. மோட்டார் பக்கத்துச் சக்கரம் பறக்கிறது, ஃபேன் பக்கத்துச் சக்கரம் சோம்பலாக உருள்கிறது. நடுவில் பெல்ட் வழுக்குகிறது. வெயில் வந்து காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். ஒன்பதரைக்கு மேல் வருகிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். சரி, முள் ஏன் பொய் சொல்கிறது? கீழே இறங்கி வருவதற்குள் அதுவும் உறைத்துவிட்டது. அந்த முத்து ஆறினால் காற்று என்று நினைத்துக்கொள்ளும். சேலத்து வெயிலில் பாடம் படித்த முத்து. இங்கே மார்கழிக் குளிரும் ஈரமும் படுகிறது, காற்றே இல்லாமல் ஆறிப் போகிறது. பாவம், அது பொய் சொல்லவில்லை. குளிரைக் காற்று என்று நினைத்துவிட்டது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பரமசிவம் சார் மஃப்ளரோடு வந்து நின்றார். நான் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு கார்க்கை எடுத்து முத்து இருக்கும் ஓட்டையை இறுக்கி அடைத்தேன். காற்றே புகாத ஓட்டை. முள் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். கொஞ்சம் ஆடியது, பச்சையிலேயே நின்றது. சார் கார்க்கைப் பிடுங்கிப் பார்த்தார். அவரே மறுபடி அடைத்தார். இரண்டு தடவை. பிறகு வெள்ளச்சி அம்மா எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றார். கொதிக்க ஆரம்பித்திருந்த குடுவைகளிலிருந்து செம்மண் நிறத்தில் புகை எழும்பி அவர் முகத்துக்கு வந்தது. வேண்டுமென்றே ஒரு மூச்சு இழுத்தார். இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான். நகரச் சொல்லியும் நகரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தார் வெள்ளச்சி அம்மா:

"தள்ளி வாங்க சார், நீங்க புதுசு, தாங்க மாட்டீங்க."

கிழிந்த தாள்

கமிட்டிக்கு எழுதிய தாளைக் கெமிஸ்ட் சார் நாலாகக் கிழித்தார். வேறு தாள் எடுத்து, புகார் உண்மை, தன் விசாரணைதான் குறை என்று தன் கையாலேயே எழுதினார். என்னையும் எழுதச் சொல்வாரோ என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லாததனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. "நான் ஒட்டிய இரண்டு சீட்டும் தவறு. காலையில் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்று எழுதி, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டுகளைச் சுரண்டி எடுத்தேன். ரைட்டர் மாணிக்கம் தகரத்தைத் தலையில் சுமந்து ஏணியில் தானே ஏறினார். மூட்டத்தில் அவர் இடுப்புக்கு மேலே தெரியவில்லை, "நனையட்டுமுங்க, வெறகு நொம்ப நனையட்டுமுங்க" என்று குரல் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. அந்த அம்மா மூன்று மாதம் ஆசிட் பக்கம் போகாமல், சம்பளத்தோடு வேறு வேலை பார்க்க வேண்டும், சேலத்தில் நெஞ்சுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், அதன் பிறகு நிரந்தரம் என்று முடிவானது. எனக்கு அந்தச் செய்தி தெரிவதற்கு முன்னாலேயே என் முதலாளிக்கு என் கடிதத்தின் நகல் தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரமே ஒரு காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, உன் கையெழுத்து தப்புன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கிறியே, உனக்கு என்ன ஆச்சு?" நடந்ததைச் சொன்னேன். கார்க்கைச் சொன்னேன். "தாங்க மாட்டீங்க" என்று அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன். முதலாளி மேஜையில் அடுக்கியிருந்த சீட்டுக் கட்டை எடுத்தார், ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டு முழுவதையும் குப்பைக் கூடையில் போட்டார்:

"அச்சாபீசுக்குப் போயி, தேதிக்குக் கீழ 'சோதிச்ச நேரம்'னு ஒரு கோடு சேத்து அடிக்கச் சொல்லுப்பா."

ஒட்டாத சீட்டு

அதற்கப்புறம் மலை மேல் இருக்கும் எந்த லேபுக்கும் நான் முதல் நாளே போய்விடுவேன். முத்து மீட்டரை அங்கேயே, அந்தக் குளிரிலேயே செட் பண்ணுவேன். பக்கத்தில் பழைய மாதிரி, இழுப்புக்குத் தக்கபடி சிவப்பு எண்ணெய் ஏறி இறங்கும் சாய்வுக் குழாய் ஒன்றும் மாட்டிவிடுவேன். ஒன்று சொல்வது சரியா என்று இன்னொன்றைக் கேட்கலாம். நாகலூர் லேபில் மட்டும் மூன்றாவதாகக் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். இருமல் முழுசாகப் போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்துவிட்டது. எண்ணை நான் சொல்வதற்கு முன்னால், ஊதுபத்திப் புகையைப் பார்த்து அவர் சொல்வார். ஒரு நாளும் தப்பியதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு தடவை மழையில் பாதையில் மரம் விழுந்து, முதல் நாள் போக முடியாமல், பழையபடி பதினோரு மணிக்குப் போய் இறங்கினேன். பரமசிவம் சார் வேறு வேலைக்குப் போய், புதிதாக ஒரு தம்பி கெமிஸ்ட்டாக வந்திருந்தார். நல்ல பிள்ளை, அவசரக்காரர். அளந்தேன், எல்லாம் அருமை. "அப்புறம் என்னங்க, ஒட்டிட்டுக் கிளம்புங்க, நாலு மணி பஸ் இருக்குது" என்றார். என் முதலாளி குரல் மாதிரியே இருந்தது. ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். உடம்பெல்லாம் ஈரம். சேலத்துக்குப் போனால் வெந்நீரும் சோறும். சீட்டை எடுத்து, தேதி எழுதி, நேரம் என்ற கோட்டுக்கு மேலே பேனாவை வைத்தேன். வெள்ளச்சி அம்மா வந்து, பேனாவுக்கும் சீட்டுக்கும் நடுவில் தன் கையை வைத்தார். தம்பி கெமிஸ்ட் திகைத்துப் போய்ப் பார்த்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்:

"இது பதினோரு மணிக் காத்துங்க மீட்டர்காரரே, இதுக்கு ஆரு வேணா கையெழுத்துப் போடலாம், ரைட்டர் ஊட்டுல படுத்துட்டு வெடிய வாங்க, என் காத்தைக் காட்டறேன்."

முப்பது வருஷம் காற்றை அளந்து பிழைத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன், அதில் முக்கால்வாசி என் பஸ் நேரத்தைத்தான் அளந்திருக்கிறேன் என்பது அந்த அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.